ஜெர்மினி-தே-ப்ரே: ஒரு பிரெஞ்சுச் சிற்றூர்த் தேவாலயத்தின் கட்டட வரலாறு

பிரான்சின் நடுப்பகுதியில், ஓர்லேயான் நகரிலிருந்து கிழக்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில், லுவார் ஆற்றின் வடகரைச் சமவெளியில் ஜெர்மினி-தே-ப்ரே என்னும் சிற்றூர் இருக்கிறது. சில நூறு பேர் வாழும் வேளாண் ஊர். அதன் பங்கு ஆலயம் கி.பி. 806இல் அர்ச்சிக்கப்பட்டது. பிரான்சில் இன்றும் வழிபாடு நடக்கும் தேவாலயங்களுள் இத்தனை பழமையானவை மிகச் சில. சார்லமேன் பேரரசர் காலத்துச் சுவர் மொசைக் ஓவியம் ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே இன்று எஞ்சியிருப்பது இந்த ஓர் ஊரில்தான். ஆனால் இந்தக் கட்டடத்தில் கண்ணில் படும் கற்களில் பெரும்பாலானவை 1867க்கும் 1876க்கும் இடையில் அடுக்கப்பட்டவை. பழமைக்காகப் புகழ்பெற்ற கட்டடம் பெரும்பாலும் புதிதாக இருப்பது எப்படி என்பதுதான் இதன் கட்டட வரலாற்றின் மையக் கேள்வி.

பிரெஞ்சுக் கிராமத் தேவாலயம் என்றதும் நினைவுக்கு வரும் வடிவம் ஒன்று உண்டு. மேற்கே வாசல், அதிலிருந்து கிழக்கு நோக்கி நீளும் ஒரு கூடம், கோடியில் பலிபீடம், அதன் பின்னே அரைவட்டமாக வளைந்த சுவர், எங்கோ ஓரிடத்தில் மணிக்கோபுரம். 11, 12ஆம் நூற்றாண்டுகளில் நாடெங்கும் ஆயிரக்கணக்கில் எழுந்தவை இந்த அமைப்பில்தான் உள்ளன. ஜெர்மினி அந்த வரிசையில் சேராது. அது அவற்றுக்கு 200, 300 ஆண்டுகள் மூத்தது. அதன் மூல வடிவம் நீளமானதும் அல்ல. நான்கு பக்கமும் சமமாக விரிந்து, நடுவில் உயரும் சதுரக் கட்டடம். அது ஊருக்காகக் கட்டப்பட்டதும் அல்ல. ஓர் ஆயர் தமது நாட்டு மாளிகைக்குப் பக்கத்தில், தம் சொந்த வழிபாட்டுக்காகக் கட்டிக்கொண்ட சிற்றாலயம் அது.

அந்த ஆயரின் பெயர் தியோதுல்ஃப். ஸ்பெயினில் ஆட்சி செய்த விசிகோத் இனத்தைச் சேர்ந்தவர். 711இல் தொடங்கிய முஸ்லிம் படையெடுப்பில் விசிகோத் அரசு வீழ்ந்தது; அடுத்த தலைமுறைகளில் கற்றவர்கள் பலர் பிரனீஸ் மலையைக் கடந்து பிராங்குகளின் நாட்டுக்கு வந்தார்கள். அப்படி வந்து சார்லமேனின் அவையில் இடம்பெற்றவர்களில் தியோதுல்ஃப் முதல் வரிசைக்காரர். கவிஞர், இறையியலாளர், நீதி விசாரணைக்காகத் தென்னாட்டுக்கு அனுப்பப்பட்ட அரச தூதர் என்று பல பொறுப்புகளை ஏற்றவர். 798 அளவில் ஓர்லேயானின் ஆயரானார். ஜெர்மினிக்கு ஐந்து கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஃப்ளெரி துறவு மடத்தின் தலைமையும் அவர் கையில் இருந்தது. புனித பெனடிக்டின் திருப்பண்டங்கள் இருப்பதாகப் போற்றப்பட்ட அந்த மடம், இன்று சான்-பெனுவா-சூர்-லுவார் என்ற பெயரில் அறியப்படுகிறது.

தியோதுல்ஃபின் மற்ற பணிகளையும் சற்றுப் பார்த்தால்தான் அவர் கட்டிய ஆலயம் விளங்கும். அவர் தம் மறைமாவட்டக் குருக்களுக்கு விதித்த கட்டளைகளில் ஒன்று, கிராமங்களிலும் பண்ணை ஊர்களிலும் குருக்கள் பள்ளி நடத்த வேண்டும், பிள்ளைகளிடம் கட்டணம் கேட்கக் கூடாது என்பது. விவிலியப் படிகளை ஒப்பிட்டு, பிழை களைந்து, முழு விவிலியத்தையும் ஒரே நூலில் அடக்கும் பிரதிகளை எழுதுவித்தார். அவற்றுள் இரண்டு, ஊதாச் சாயம் ஏற்றிய தோல் ஏடுகளில் பொன், வெள்ளி எழுத்துகள் மின்ன, இன்று பாரிஸிலும் ல புய் நகரிலும் இருக்கின்றன. குருத்தோலை ஞாயிறு பவனியில் கிறிஸ்து அரசருக்கு மாட்சி கூறிப் பாடப்படும் லத்தீன் பாடலும் அவருடையதே. உரோமை வழிபாட்டு முறையைப் பின்பற்றும் எல்லா நாடுகளின் ஆலயங்களுக்கும், தமிழ்நாட்டு ஆலயங்களுக்கும் சேர்த்தே, அந்தப் பாடல் உரியது. இவை எல்லாவற்றிலும் ஒரே மனம் தெரிகிறது: மூலத்தைத் தேடிப் போகும் மனம், எழுத்தை நம்பும் மனம். அவருடைய ஆலயத்திலும் அந்த மனமே வேலை செய்திருக்கிறது.

ஆலயம் எழுந்த ஆண்டைச் சொல்வது கட்டடத்திலேயே இருக்கும் கல்வெட்டு. கிழக்குத் தூண்களின் தலைப்பகுதியில் உள்ள லத்தீன் எழுத்துகள், 806ஆம் ஆண்டில் புனித ஜெனவீவ், புனித ஜெர்மானுஸ் ஆகியோர் பெயரால் ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது என்றும், நாள் ஜனவரி 3 என்றும் சொல்கின்றன. இப்போதுள்ள எழுத்துகள் பிற்காலத்தில் மறுபடி வெட்டப்பட்டவை என்று கருதும் அறிஞர்கள் உண்டு. ஆனாலும் ஆண்டு பொருந்தி வருகிறது. தியோதுல்ஃப் ஆயராகிச் சில ஆண்டுகள் கழிந்திருந்தன. அவருடைய அரசர் ஆஹன் நகரில் எழுப்பிய அரண்மனை ஆலயம் 805இல்தான் அர்ச்சிக்கப்பட்டிருந்தது.

மூல ஆலயத்தின் அமைப்பை மனத்தில் வரைந்துகொள்வது எளிது. பக்கத்துக்குச் சுமார் 10 மீட்டர் உள்ள ஒரு சதுரம். அதனுள் நான்கு சதுரத் தூண்கள். தூண்கள் நான்கும் சதுரத்தை ஒன்பது கட்டங்களாகப் பிரிக்கின்றன. நடுக்கட்டத்தின் மேல் கோபுரம் உயர்கிறது. அதன் நான்கு பக்கத்துக் கட்டங்கள் சிலுவையின் நான்கு கைகள். அவற்றின் மேல் அரைவட்டமாக வளைந்து நீளும் கல் கூரை. மூலைக் கட்டங்கள் நான்கும் தாழ்வான கூரை கொண்டவை. சிலுவையின் ஒவ்வொரு கையின் முனையிலும் வெளியே பிதுங்கும் வளைந்த மாடம் ஒன்று. கிழக்கு மாடத்தில் பலிபீடம். அதன் இருபுறமும் மேலும் இரண்டு சிறு மாடங்கள் இருந்ததை அகழாய்வு காட்டியிருக்கிறது. அவை இன்று இல்லை.

உள்ளே நுழைபவரின் பார்வை ஒரு திசையில் நீண்டு செல்வதில்லை. அது நடுவுக்கு இழுக்கப்பட்டு, அங்கிருந்து மேலே போகிறது. நடுக் கோபுரத்தின் சுவர்களில், பெரிய வளைவுகளுக்கு மேலே, சிறு தூண்கள் தாங்கும் மும்மூன்று திறப்புகள் வரிசையாக அமைந்துள்ளன. அவற்றுக்கும் மேலே சாளரங்கள். வெளிச்சம் உயரத்திலிருந்து நடுவில் இறங்குகிறது, ஓரங்கள் மங்கலாக இருக்கின்றன. பத்து மீட்டர்ச் சதுரத்துக்குள் உயரம், இடைநிலை, தாழ்வு என்று மூன்று நிலைகளை அடுக்கிய திறன் இது. சிறிய கட்டடம் பெரியதாக உணரப்படுவதன் காரணமும் இதுவே. கட்டியவரின் பெயரை எந்த ஆவணமும் காக்கவில்லை; அவர் தேர்ந்த கைக்காரர் என்பதைக் கட்டடம் சொல்கிறது.

வளைவுகளின் வடிவத்தைத் தனியே கவனிக்க வேண்டும். உரோமானியர் கட்டிய வளைவு சரியான அரைவட்டம். ஜெர்மினியில் பல வளைவுகள் அரைவட்டத்தோடு நிற்காமல் கீழே சற்று உள்வாங்குகின்றன. குதிரை லாடத்தின் வடிவம். வெளியே பிதுங்கும் மாடங்களின் தரை அமைப்பும் அப்படியே, வாயில் சற்றுக் குறுகியது. இந்த வடிவத்தைக் கண்டதும் அரபுக் கட்டடக் கலை என்று சொல்லிவிடுபவர்கள் பலர். அது சரியல்ல. அரபுகள் ஸ்பெயினுக்கு வருவதற்கு முன்பே விசிகோத் ஆலயங்களில் லாட வளைவு வழக்கத்தில் இருந்தது. மன்னர் ரெக்கெஸ்வின்த் காலத்தில், 661இல், எழுந்த சான் ஹுவான் தே பான்யோஸ் ஆலயம் அதற்குச் சாட்சி. பின்னால் கோர்தோவாவின் பெரிய பள்ளிவாசல் அதே வடிவத்தை எடுத்து வளர்த்தது. லுவார்க் கரையில் அந்த வளைவு தோன்றுவதற்கு மிக இயல்பான விளக்கம், ஆலயத்தைக் கட்டுவித்தவர் பிறந்த நாட்டில் இருக்கிறது.

சதுரத்துக்குள் சிலுவை என்ற தள அமைப்பின் ஊற்று எது என்பதில் கருத்துகள் பிரிகின்றன. ஆர்மீனியாவின் எச்மியாத்சின் பேராலயத்திலும் நான்கு தூண்கள், நடுவில் உயரும் குவிமாடம், நான்கு பக்கமும் மாடங்கள் உண்டு. இந்த ஒப்புமையை வைத்து, கிழக்கிலிருந்து வந்த கட்டடக்காரர்களை லுவார்க் கரையில் தேடியவர்கள் உண்டு. பைசாந்தியத்திலும் வட இத்தாலியிலும் உறவுகள் தேடப்பட்டிருக்கின்றன. இவற்றுள் எதற்கும் ஆவணச் சான்று இல்லை. நடுமையம் கொண்ட சிற்றாலயங்கள் பண்டை உரோமானிய உலகின் எல்லா மூலைகளிலும் இருந்தன. கற்றறிந்த ஒரு விசிகோத் ஆயர் அவற்றை அறிய ஆர்மீனியா வரை போக வேண்டியதில்லை.

பழைய எழுத்தாளர் ஒருவர் வேறு ஒரு முன்மாதிரியைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறார். ஓர்லேயானுக்கு அருகே மிசி மடத்தில் வாழ்ந்த லெதால்து என்ற துறவி, 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதியபோது, தியோதுல்ஃப் ஆஹன் ஆலயத்துக்கு நிகராக இதைக் கட்டினார் என்றார். இதைப் படித்துவிட்டு இரண்டு கட்டடங்களையும் பார்ப்பவர் குழம்பிப் போவார். ஆஹன் ஆலயம் எண்கோணம்; அதைச் சுற்றிப் பதினாறு பக்கச் சுற்று, மேலே மாடித்தளம், உரோமிலிருந்தும் ரவென்னாவிலிருந்தும் வந்த பளிங்குத் தூண்கள். ஜெர்மினி அதைவிட மிகச் சிறியது. ஒற்றுமை எங்கே?

இடைக்காலத்தவர் ஒரு கட்டடம் இன்னொன்றைப் போன்றது என்று சொன்னபோது அளவையும் உருவத்தையும் கருதவில்லை என்பதைக் கட்டடக் கலை வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் க்ரௌத்ஹைமர் 1942இல் எழுதிய கட்டுரை தெளிவாக்கியது. மூலத்தின் சில முக்கியக் கூறுகள் இருந்தால் போதும். அது மூலத்தின் நகல் என்றே கருதப்பட்டது. அந்தக் கணக்கில் ஜெர்மினி தேறுகிறது. இரண்டும் மாளிகையோடு சேர்ந்த ஆலயங்கள். இரண்டும் நீளாமல் நடுவை மையமாகக் கொண்டவை. இரண்டிலும் மரக் கூரைக்குப் பதில் கல் கூரை, மேலே மொசைக். பேரரசர் பெரிதாகச் செய்ததை ஆயர் தம் நிலத்தில் தம் அளவுக்குச் செய்தார். லெதால்து சொன்னது முகத்துதி அல்ல. அவர் காலத்துப் பார்வையில் அது சரியான வருணனை.

மாளிகையைப் பற்றிக் கட்டடச் சான்று ஏதும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் தியோதுல்ஃபின் கவிதைகள் ஏழு கலைகளும் உலகப் படமும் தீட்டப்பட்ட ஓவியங்களை வருணிக்கின்றன. ஃப்ளெரி மடத் தலைவர்களின் வரலாற்றுக் குறிப்பும் ஜெர்மினியின் அலங்காரங்களைப் போற்றுகிறது. ஆலயத்தின் உட்புறமும் வெறும் கல்லாக இருக்கவில்லை. வளைவுகளிலும் கோபுரத் திறப்புகளிலும் சுதை வேலை. செடி, கொடி, இலை வடிவங்கள் ஈரச் சுண்ணாம்பில் செதுக்கப்பட்டிருந்தன. இன்றைய ஜெர்மினியின் வெறுமையான வெளிர்ச் சுவர்களைப் பார்த்து, தொன்மையின் எளிமை என்று வியப்பவர்கள் ஏமாறுகிறார்கள். தியோதுல்ஃபின் ஆலயம் பளபளத்தது.

அந்தப் பளபளப்பில் மிஞ்சியது கிழக்கு மாடத்தின் அரைக் குவிமாடத்தில் உள்ள மொசைக். சுமார் 1,30,000 சிறு துண்டுகளால் ஆனது என்று கணக்கிடுகிறார்கள். பெரும்பாலும் வண்ணக் கண்ணாடித் துண்டுகள். பொன் நிறத் துண்டுகளைச் செய்யும் முறை நுட்பமானது: கண்ணாடியின் மேல் தங்கத் தகட்டை ஒட்டி, அதன் மேல் மெல்லிய கண்ணாடிப் படலம் ஒன்றை உருக்கிப் பொருத்தி, பின் துண்டுகளாக வெட்டுவார்கள். ஈரம் காயாத சுண்ணாம்புக் காரையில் ஒவ்வொன்றாகக் கையால் பதிக்கப்படுவதால் துண்டுகள் ஒரே மட்டத்தில் அமைவதில்லை. ஒவ்வொன்றும் சற்று வேறு கோணத்தில் சாய்ந்திருக்கும். ஆகவே பார்ப்பவர் நகர நகர ஒளியும் நகர்கிறது. மேற்கு ஐரோப்பாவில் இந்தக் கலை அன்று இத்தாலியில்தான் உயிரோடு இருந்தது. கைவினைஞர்களோ கண்ணாடியோ இரண்டுமோ ஆல்ப்ஸைக் கடந்து வந்திருக்கக்கூடும்.

ஓவியத்தின் பொருள்தான் இந்த ஆலயத்தின் உண்மையான அதிசயம். அக்காலத்து இத்தாலிய ஆலயங்களில் பீடத்துக்கு மேலுள்ள அரைக் குவிமாடத்தில் கிறிஸ்து இருப்பார், அல்லது அன்னை மரியா, அல்லது புனிதர்கள். ஜெர்மினியில் அவர்களில் எவரும் இல்லை. பொன் நிறப் பின்புலத்தில் ஒரு பெட்டி: விவிலியத்தில் வரும் உடன்படிக்கைப் பேழை. அதன் மேல் கெருபுகள் என்னும் சிறு வானதூதர்கள் இருவர். பேழையின் இருபுறமும் இரண்டு பெரிய வானதூதர்கள், இறக்கை விரித்து அதன் மேல் குனிந்து நிற்கிறார்கள். அவர்களுக்கு இடையே, விண்மீன்கள் நிறைந்த வானத்திலிருந்து கடவுளின் கை இறங்குகிறது. அடியில் லத்தீன் எழுத்துகளில் ஒரு வேண்டுதல்: திருத்தூயகத்தையும் கெருபுகளையும் பேழையையும் இங்கே காண்பவர், தம் மன்றாட்டில் தியோதுல்ஃபின் பெயரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம்.

வானதூதர்கள் ஏன் நால்வர்? விவிலியத்தில் விடை இருக்கிறது. விடுதலைப் பயண நூலில் கடவுள் மோசேக்குப் பேழையின் அளவுகளைச் சொல்லும்போது, அதன் மூடியின் மேல் இரண்டு பொற்கெருபுகளைச் செய்யச் சொல்கிறார். அரசர்கள் நூலில், எருசலேமில் கோவில் கட்டிய சாலமோன் ஒலிவ மரத்தால் இரண்டு பெரிய கெருபுகளைச் செய்து, பொன் தகடு வேய்ந்து, திருத்தூயகத்தில் நிறுத்துகிறார். பேழை அவற்றின் இறக்கைகளின் கீழ் வைக்கப்படுகிறது. ஜெர்மினி ஓவியம் இரண்டு பகுதிகளையும் சேர்த்து வாசித்திருக்கிறது. சிறியவை மோசேயுடையவை, பெரியவை சாலமோனுடையவை. அலங்காரத்துக்காக வானதூதர்களைப் பெருக்கிய ஓவியம் அல்ல இது. நூலைக் கையில் வைத்துக்கொண்டு திட்டமிட்ட ஓவியம்.

பேழையைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. 787இல் நிசேயாவில் கூடிய பொதுச்சங்கம், திருவுருவங்களுக்கு வணக்கம் செலுத்துவது முறையே என்று தீர்மானித்தது. பைசாந்தியத்தில் அரை நூற்றாண்டுக்கு மேல் நடந்த உருவ எதிர்ப்புக்கு அது ஒரு முடிவு. சார்லமேனின் அவை அந்தத் தீர்மானத்தை ஏற்கவில்லை. அரசரின் பெயரால் ஒரு நீண்ட மறுப்பு நூல் 790களின் தொடக்கத்தில் எழுதப்பட்டது. 794இல் பிராங்க்பர்ட் சங்கமும் உருவ வழிபாட்டைக் கண்டித்தது. அந்த மறுப்பு நூலை எழுதியவர் தியோதுல்ஃப்தான் என்பதை வரலாற்று ஆய்வாளர் ஆன் ஃப்ரீமேன் பல பத்தாண்டு ஆய்வின் மூலம் நிலைநாட்டினார்.

அந்த நூலின் நிலைப்பாடு உருவங்களை உடைக்கச் சொல்வது அல்ல. அவற்றை வணங்கவும் கூடாது என்பது. ஓவியம் நினைவூட்டலாம், அழகு சேர்க்கலாம், அதற்குப் புனிதம் கிடையாது. அதை மனிதக் கை தன் விருப்பப்படி செய்கிறது. பேழையும் கெருபுகளும் அப்படியல்ல. கடவுளே அளவு சொல்லிச் செய்வித்தவை. ஆகவே தம் சொந்த ஆலயத்தின் மிக உயர்ந்த இடத்தில் எதை வரையலாம் என்று தேடியபோது, அந்த நூலாசிரியருக்குப் பொருந்தும் விடை இது ஒன்றுதான். ஐரோப்பா முழுவதையும் உலுக்கிய ஓர் இறையியல் வழக்கில் ஒரு தரப்பின் வாதம், ஒரு கிராமத்து ஆலயத்தின் கூரையில் கண்ணாடித் துண்டுகளால் எழுதப்பட்டிருக்கிறது. மேற்கத்தியக் கலையில் இதற்கு இணை சொல்லக்கூடிய ஓவியங்கள் மிக அரிது.

தியோதுல்ஃபால் தம் ஆலயத்தை நீண்ட காலம் அனுபவிக்க முடியவில்லை. 814இல் சார்லமேன் இறந்தார். 817இல் இத்தாலியின் மன்னர் பெர்நார்து, புதிய பேரரசர் லூயிக்கு எதிராகக் கிளர்ந்தபோது, தியோதுல்ஃபும் சதியில் பங்கேற்றதாகக் குற்றம் சாட்டப்பட்டது. அவர் மறுத்தார். 818இல் பதவி பறிக்கப்பட்டு ஆன்ஜேயில் அடைக்கப்பட்டார். சுமார் 821இல் இறந்தார். பின்னாளில் ஜெர்மினி ஃப்ளெரி மடத்தின் கைக்கு வந்தது.

9ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் லுவார் ஆறே எதிரிகளின் பாதையாயிற்று. வடகடல் நார்மானியர் படகுகளில் ஏறிவந்து ஓர்லேயானைச் சூறையாடினார்கள், 865இல் ஃப்ளெரி மடத்தைக் கொளுத்தினார்கள். ஜெர்மினி மாளிகையும் தீக்கிரையாயிற்று. ஆலயம் சிதைந்தாலும் நின்றது. கல் கூரை இருந்த பகுதிகள் தீயைத் தாங்கின. மாளிகை மறைந்தபின் அது மாளிகை ஆலயமாக இருக்கவில்லை. சுற்றி இருந்த உழவர்களின் வழிபாட்டிடமாக, பின்னர் ஊரின் பங்கு ஆலயமாக அது மாறியது.

அடுத்த அறுநூறு ஆண்டுகளின் கட்டட வரலாறு பழுதும் ஒட்டுமாகச் சென்றது. விரித்துரைக்க அதில் அதிகம் இல்லை. பெரிய மாற்றம் 15, 16ஆம் நூற்றாண்டுகளில் வந்தது. ஓர் ஆயரும் அவருடைய பரிவாரமும் நின்று செபிக்கப் போதுமான பத்து மீட்டர்ச் சதுரம், ஞாயிறு திருப்பலிக்கு வரும் முழு ஊருக்குப் போதவில்லை. மேற்கு மாடம் இடிக்கப்பட்டது. அந்த இடத்திலிருந்து மேற்கு நோக்கி ஒரு நீள்கூடம் சேர்க்கப்பட்டது. சமக்கைச் சிலுவை, ஒரு கை நீண்ட சிலுவையாயிற்று. நடுவை மையமாகக் கொண்ட ஆலயம், மற்ற கிராமத் தேவாலயங்களைப் போலக் கிழக்கு நோக்கிய ஆலயமாக மாறியது.

கட்டடக் கலை நூல்கள் சில இந்த நீள்கூடத்தைக் குறையாகவே எழுதுகின்றன. மூல வடிவம் கெட்டது உண்மைதான். ஆனால் அந்தக் கூடம் இல்லாவிட்டால் ஆலயம் ஊருக்குப் பயன்படாமல் போயிருக்கும். பயன்படாத ஆலயத்தின் கற்கள் களஞ்சியச் சுவர்களாகவும் வேலிகளாகவும் மாறுவது பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் வழக்கமாக நடந்தது. 1789இல் திருச்சபைச் சொத்துகள் நாட்டுடைமையாகி, அடுத்த ஆண்டு துறவு மடங்கள் கலைக்கப்பட்டபோது, ஃப்ளெரி மடத்தின் வாழ்விடக் கட்டடங்கள் இப்படித்தான் அழிந்தன. ஜெர்மினி தப்பியது, அது ஊரின் பங்கு ஆலயமாக இருந்ததால். மூல வடிவத்தைக் கெடுத்த கூடமே மூலக் கட்டடத்தைக் காத்தது.

இந்தக் காலத்தில் மொசைக் வெள்ளைப் பூச்சின் கீழே இருந்தது. எந்தத் தலைமுறை பூசியது என்பதற்குக் குறிப்பு இல்லை; ஆலயச் சுவருக்கு வெள்ளையடிப்பது ஊர்வழக்கம். 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அது வெளிப்பட்டது. ஊர்ப் பிள்ளைகள் வண்ணக் கண்ணாடித் துண்டுகளை வைத்து விளையாடுவதைக் கண்டவர்கள், அவை எங்கிருந்து விழுகின்றன என்று தேடி மாடத்தின் கூரையைக் கண்டுபிடித்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பூச்சு நீக்கப்பட்டது, 1840களில் உதிர்ந்த பகுதிகள் புதிய துண்டுகளால் நிரப்பப்பட்டன. ஆகவே ஓவியத்திலும் இரண்டு காலங்களின் கைகள் கலந்துள்ளன. ஆனால் அதன் அமைப்பும் பொருளும் தியோதுல்ஃபுடையவை என்பதில் ஐயம் எழவில்லை.

கண்டுபிடிப்பு நிகழ்ந்த காலம் ஆலயத்துக்குச் சாதகமாக அமைந்தது. பழங்கட்டடங்களைக் காக்கும் அரசுத் துறை பிரான்சில் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. 1834 முதல் அதன் தலைமை ஆய்வாளராக எழுத்தாளர் ப்ரோஸ்பேர் மெரிமே நாடு முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தார். வரலாற்றுச் சின்னங்களின் முதல் பட்டியல் 1840இல் வெளிவந்தது. அதில் ஜெர்மினி என்ற சிற்றூரின் ஆலயமும் இடம்பெற்றது. பட்டியலில் சேர்ந்ததால் பணம் வந்தது. பணத்தோடு கட்டடக் கலைஞரும் வந்தார்.

ஜூஸ்ட் லிஷ் 1867இல் பணியைத் தொடங்கினார். பின்னாளில் பாரிஸின் சான்-லசார் ரயில் நிலையத்தை இன்றைய வடிவில் கட்டியவர் அவர். திறமையில் குறை சொல்ல முடியாது. அந்தத் தலைமுறைக் கட்டடக் கலைஞர்களின் ஆசான் வியோலே-லெ-துக். ஒரு கட்டடத்தைப் புதுப்பிப்பது என்றால் அதை முழுமையான ஒரு நிலைக்குக் கொண்டுவருவது, அந்த நிலை கடந்த காலத்தில் ஒருபோதும் இருந்திராவிட்டாலும் சரி என்பது அவருடைய கொள்கை. லிஷ் அந்தக் கொள்கையின்படி ஜெர்மினியைத் தியோதுல்ஃபின் காலத்துக்குத் திருப்ப முனைந்தார். சுவர்கள் பலவீனமாக இருந்தன. அவற்றை இருந்த இடத்திலேயே தாங்கிப் பிடித்துப் பலப்படுத்தும் வழியை அவர் எடுக்கவில்லை. கிழக்கு மாடத்தை மொசைக்குடன் விட்டுவிட்டு, மற்றவற்றில் பெரும்பகுதியைப் பிரித்து, புதிய கல்லில் மறுபடி கட்டினார். தேய்ந்த தூண் தலைகளுக்குப் பதில் அவற்றின் நகல்கள் வந்தன. சுதை வேலை சுவரிலிருந்து எடுக்கப்பட்டது. 1876இல் பணி முடிந்தபோது கோடுகள் நேராகவும் மூலைகள் கூர்மையாகவும் இருந்த ஒரு கட்டடம் நின்றது.

இங்கே நடந்த இழப்பைச் சரியாகச் சொல்ல வேண்டும். தள அமைப்பு இழக்கப்படவில்லை. சதுரம், நான்கு தூண்கள், நடுக் கோபுரம், லாட வளைவுகள் எல்லாம் இருக்கின்றன. இழந்தது சான்று. பழைய சுவர் நின்றிருந்தால் இன்றைய ஆய்வாளர் அதன் காரையைச் சோதித்துக் காலம் சொல்வார். எந்தப் பகுதி 806இல் எழுந்தது, எது தீக்குப் பின் கட்டப்பட்டது என்று கல்லின் வெட்டையும் அடுக்கையும் வைத்துப் பிரிப்பார். லாட வளைவு எவ்வளவு உள்வாங்கியது என்பதை மில்லிமீட்டர் கணக்கில் அளப்பார். லிஷ் கட்டிய சுவரில் இந்தக் கேள்விகளுக்கு விடை இல்லை. அது தியோதுல்ஃபைப் பற்றி 1870களின் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் நினைத்ததைச் சொல்லும் சுவர். நார்மானியரின் தீயும் ஆயிரம் ஆண்டு மழையும் செய்யாத சேதத்தை, அந்த ஆலயத்தை நேசித்தவர்களே ஒன்பது ஆண்டுகளில் செய்தார்கள். கடுமையான தீர்ப்புதான், வேறு விதமாகச் சொல்ல இடமில்லை.

லிஷ் போன்றவர்களின் பணிகளிலிருந்தே பின்வந்த தலைமுறைகள் பாடம் கற்றன. பழங்கட்டடங்களைக் காப்பதற்காக 1964இல் உருவான வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பிப்பு நின்றுவிட வேண்டும் என்ற நெறியை வகுத்தது. எல்லாக் காலங்களும் சேர்த்தவற்றை மதிக்க வேண்டும் என்றும் சொன்னது. அந்த நெறி அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருந்தால் ஜெர்மினியின் சுதை வேலை இன்றும் கோபுரத்தில் இருந்திருக்கும்.

1905ஆம் ஆண்டுச் சட்டம் பிரான்சில் அரசையும் திருச்சபையையும் பிரித்தது. அந்த ஏற்பாட்டில், அதற்கு முன் கட்டப்பட்ட கிராமத் தேவாலயங்கள் பெரும்பாலும் அந்தந்த ஊராட்சிகளின் சொத்தாக உள்ளன. வழிபாட்டு உரிமை மட்டும் இறைமக்களிடம் இருக்கிறது. ஜெர்மினியும் அப்படியே. கூரை ஒழுகினால் அது ஊராட்சியின் கவலை. வரலாற்றுச் சின்னமாக இருப்பதால் அரசின் உதவியும் அனுமதியும் சேர்கின்றன. பிரான்சில் ஆயிரக்கணக்கான சிற்றூர்கள் இந்தப் பொறுப்பைச் சுமக்கின்றன. பேராலயங்களைப் பற்றிப் பேசும் அளவுக்கு இந்த ஊர்களின் உழைப்பைப் பற்றி உலகம் பேசுவதில்லை.

இன்று ஜெர்மினிக்குப் போகிறவர் மேற்கு வாசலில் நுழைந்து நீள்கூடத்தைக் கடக்கும்போது, இடைக்காலத்தின் இறுதியில் ஊர்மக்கள் தமக்கெனச் சேர்த்த பகுதியில் நடக்கிறார். நான்கு தூண்களுக்கு நடுவே வந்து நிற்கும்போது, 806ஆம் ஆண்டின் திட்டத்துக்குள், 1870களின் கற்களுக்கிடையே நிற்கிறார். கிழக்கே நிமிர்ந்து பார்த்தால்தான் தியோதுல்ஃபின் காலத்துக் கை நேரடியாகத் தெரியும். அந்த மாடத்தைப் பார்த்ததோடு திரும்பிவிடக் கூடாது. சுவரிலிருந்து எடுக்கப்பட்ட சுதை வேலையில் எஞ்சிய துண்டுகள் ஓர்லேயானின் வரலாற்று, தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆலயத்தின் உட்புறம் எப்படி இருந்தது என்பதற்கு மொசைக்குக்கு அடுத்த நேரடிச் சான்று அந்தத் துண்டுகளே; ஜெர்மினியைக் காணச் செல்பவர்கள் அவற்றையும் பார்த்துவிட்டு வர வேண்டும்.